நான் அணைக்கச் சொன்ன டீசல் இன்ஜின்

செங்கல்பட்டு யார்டில் நின்ற ஒரு பழைய டீசல் இன்ஜினுக்குப் புதுப் பெயர் எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். கடை, லாரி, படகு, எதுவானாலும் பெயர் எழுதுவது என் பிழைப்பு. மூன்று ரயில்வேக்களில் உழைத்த இன்ஜின் அது. நான்காவதாக ஒரு துறைமுகம் தன் தண்டவாளத்துக்குக் கேட்டிருந்தது. நாலு மணிக்கு அவர்களுடைய பொறியாளர் வருவார். அவர் கண்ணெதிரே ஓடினால் துறைமுகம், ஓடாவிட்டால் காயலாங்கடை.

உப்புத்தாளால் பழைய பெயரைத் தேய்த்தேன். பச்சைக்குக் கீழே நீலம். அதில் ஒரியா எழுத்தின் வளைவுகள், நிலக்கரி இழுத்த காலம். அதற்கும் கீழே செங்காவி. அது பாலைவனத்தில் உப்பு ஏற்றிய காலமாம், டிரைவர் சொன்னார். இங்கே வந்தபிறகு, ஒரு புயலில் மின்கம்பி அறுந்து ரயில்களெல்லாம் வழியிலேயே கிடந்தபோது ஒவ்வொன்றாக இழுத்துவந்து சேர்த்ததும் இதுதானாம். தேய்க்கத் தேய்க்கக் கை மெதுவானது. ஓர் ஊரில் ஒரு வருஷம் தரிக்காதவன் நான். இது என்னைவிட அலைந்திருந்தது.

ஆனால் அந்த அதிர்வு! நின்றபடியே உறுமியது. தூரிகை கோட்டை விட்டு ஓடியது.

“அண்ணாத்த, செத்த நேரம் ஆஃப் பண்ணேன்.”

டிரைவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, வெளாட்றியா? இத்த யாரும் அணைக்க மாட்டாங்க. பேட்டரி கெயம். அணைச்சா மறுபடி எயுந்துக்குமோ இல்லியோ.”

“கோணலா எழுதினா வர்ற இன்ஜினீயரு இன்னா நெனைப்பாங்க?”

அது அவரைத் தைத்தது. அணைத்தார். பெயர் நூல் பிடித்தாற்போல் அமைந்தது.

பிறகு பொத்தானை அமுக்கினார். ஒரு இருமல். அவ்வளவுதான். மறுபடி அமுக்கினார், அதுவும் இல்லை.

“எயுத்து ஷோக்கா கீது,” என்றார், என்னைப் பார்க்காமல். “கல்லறைல எயுதுன மாரி.”

பொறியாளர் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். இளம்பெண். “ஏன் அணைஞ்சிருக்கு?”

“என் தப்பு மேடம். நான்தான் அணைக்கச் சொன்னேன்.”

அவர் பெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். “கடப்பாரை இருக்கா? கையால சுத்தி விடுவோம். இறுக்கம் விட்டா பேட்டரிக்குப் பாரம் குறையும்.”

மூவரும் உள்ளே நுழைந்தோம். இன்ஜினின் தண்டில் இருந்த துளையில் கம்பியைச் செருகி, மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. இருண்ட இரும்புக்குள் பதினாறு பிஸ்டன்கள் ஏறி இறங்குவது என் தோள்பட்டைக்குத் தெரிந்தது. பாலைவனமும் நிலக்கரியும் புயலும் இந்தக் கனத்துக்குள்தானா இருந்தன? வேர்வை கண்ணில் இறங்கியது. ரெண்டு முழுச் சுற்று. கம்பியை உருவினோம்.

டிரைவர் பொத்தானை அமுக்கி, கையை எடுக்காமல் நின்றார்.

இருமல். இருமல். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு முழக்கம். கரும்புகை எழுந்து வானத்தில் விரிந்தது. கொளவாய் ஏரியிலிருந்து கொக்குகள் மொத்தமாகக் கிளம்பின.

“ஓட்டுங்க, பார்க்கலாம்,” என்றார் பொறியாளர்.

“நீயும் ஏறு,” என்றார் டிரைவர் என்னிடம். “தள்ளினல்ல?”

ஏரியோரமாக யார்டின் கடைசிவரை போய்த் திரும்பினோம். பொறியாளர் முழங்காலில் ஒப்புதல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“மேடம், அங்க பெயிண்டருங்கள கிட்ட வுடாதீங்க,” என்றார் டிரைவர்.