ஓமப்பொடிக் கொள்ளையனின் முகம்

மஹ்விஷுக்கு வேலை தி. நகரில், ஒரு அச்சகத்தில். கல்யாணப் பத்திரிகைகளுக்கு மயிலும் மாவிலையும் பிறையும் வரைந்து தருவாள். வீட்டில் பேசுவது உருது. படித்ததோ சைதாப்பேட்டையில் தமிழ் மீடியம். அதனால் பாட்டு என்று ஏதாவது மனசில் ஓடினால் அது தமிழில்தான் ஓடும். மதியச் சாப்பாட்டு வேளையில் வீணாய்ப் போன அட்டைகளின் பின்பக்கத்தில் எழுதி, பக்கத்திலேயே படமும் போட்டுவைப்பாள். அப்படிப் பிறந்தவன்தான் கடற்கொள்ளையன் ஓமப்பொடி.

*ஒத்தக்கால் கொள்ளையன் ஓமப்பொடி*
*ஓடும் கப்பலில் ஒளிஞ்சானாம்;*
*தங்கம் திருடப் போன இடத்தில்*
*தயிர்சாதம் தின்னு தூங்கினானாம்!*

பாட்டு சுலபமாக வந்துவிட்டது. முகம்தான் வரவில்லை. கறுப்புத் துணி கட்டிய கண், மண்டையோட்டுத் தொப்பி என்று எதை வரைந்தாலும் வேறு யாரோ வரைந்தது மாதிரியே இருந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் அவள் ஸ்கூட்டி பஞ்சரானது.

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், தூங்குமூஞ்சி மரத்தடியில் பஞ்சர் கடை வைத்திருந்தவர் நாகராஜ். வீடு ஆற்றோரம். வெகு நாளைக்கு முன் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயிலில் அடிபட்டு வலது கால் முழங்காலோடு போனது. உருண்டைத் தொப்பை, ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும் பார்க்கும் மீசை, சிரித்தால் தெரியும் முன்பல் இடைவெளி. ஊன்றுகோலை ரோட்டுக்குக் குறுக்கே நீட்டி, ராங் சைடில் வரும் பைக்குகளை மிரட்டிக்கொண்டிருப்பார். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டுமா அண்ணே என்று மஹ்விஷ் கேட்டாள். அவர் மீசையை நீவிக்கொண்டு போஸ் கொடுத்தார். மகளிடம் காட்ட வேண்டும் என்று, தன் செல்லுக்கு அனுப்பிவிடச் சொன்னார். சரி என்றாள். அனுப்பவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் ஓமப்பொடிக்கு முகம் கிடைத்துவிட்டது. பல்லிடுக்கு வரைக்கும் அப்படியே.

அடையாறில் ஒரு சின்னப் பதிப்பகம் அதைப் புத்தகமாக்கியது. முதல் பிரதியை அவள் அம்மா ஜைதூன் பீயிடம் கொடுத்தாள். தமிழ் படிக்கத் தெரியாத அம்மா படங்களை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டு, இது அந்தப் பஞ்சர்காரர்தானே என்று உருதுவில் கேட்டார். மஹ்விஷ் சிரித்துக்கொண்டே புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டாள். அந்தக் கேள்வி கொஞ்சம் உறுத்தியது உண்மை. ஆனால் புத்தகத்தின் வாசனை அதை மூடிவிட்டது.

சனிக்கிழமைகளில் சைதாப்பேட்டையில் ஒரு வாசிப்பு மையம் நடக்கும். ஆற்றோரக் குடியிருப்புப் பிள்ளைகள் வந்து பாயில் உட்கார்ந்து கதை கேட்பார்கள். அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்தகத்தை இலவசமாகக் கொடுத்தார்கள். மஹ்விஷ் நின்றுகொண்டு, குரலை மாற்றி மாற்றிப் படித்தாள். தயிர்சாதம் வந்த இடத்தில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

எல்லாரும் கிளம்பிய பிறகு ஒரு சிறுமி மட்டும் நின்றாள். மூன்றாவதோ நான்காவதோ படிக்கும் வயசு. புத்தகத்தை விரித்து, கொள்ளையனின் மேல் விரலை வைத்தாள்.

"அக்கா, இது எங்க நைனாதான?"

மஹ்விஷ் அந்த முகத்தைப் பார்த்தாள். அதே பல்லிடுக்கு அந்தக் குழந்தைக்கும் இருந்தது.

"இல்லடா கண்ணு. இது சும்மா மனசுல தோணினத வரைஞ்சது" என்றாள்.

சிறுமி தலையை ஆட்டினாள். அவள் பெயர் தமிழ்நிலா. நம்பிவிட்டாள். நம்பியதுதான் மஹ்விஷை வீடு வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தது.

அடுத்து வந்த நாட்களில் அவள் மரத்தடிப் பக்கமே போகவில்லை. சுற்றுவழியாக வேலைக்குப் போனாள். ஆனால் பாட்டு அவளைத் தேடி வந்தது. மார்க்கெட்டில் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு அதைப் பாடினார்கள். காய்கறி வாங்க நின்றபோது, யாருடைய செல்லோ காணவில்லை என்று ஒரு பேச்சு. மரத்தடிக் கொள்ளையனைக் கேளுங்கள் என்று ஒருவர் சொல்ல, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கையிலிருந்த கத்திரிக்காயை மஹ்விஷ் திரும்ப வைத்துவிட்டாள். அடுத்த சனிக்கிழமை தமிழ்நிலா வரவில்லை. வேறு பிள்ளைகள் சொன்னார்கள்: அது எங்க நைனா இல்ல, அக்காவே சொன்னாங்க என்று சொல்லி, கிண்டல் செய்த பையனைத் தமிழ்நிலா கையில் கடித்துவிட்டாளாம். அவனுடைய அம்மா அவள் வீட்டு வாசலுக்கே வந்து கத்தினாராம்.

மறுநாள் காலை மஹ்விஷ் மரத்தடிக்குப் போனாள். நாகராஜ் ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். மீசை இல்லை. மழித்த இடம் மட்டும் வெளுத்துப்போய், யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தார். அந்தப் புத்தகம் நான் போட்டதுதான், அது உங்கள் முகம்தான், உங்கள் காலை வைத்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தது தப்பு என்று எப்படியோ சொல்லி முடித்தாள்.

அவர் டியூபைத் துடைத்தார். குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"காலு போனதுக்கு நானே சிரிச்சிக்கினுதான் கீறேன். அது இன்னா இப்ப. ஆனா கொள்ளக்காரன்னு போட்டுட்டியே. எங்க சைடுல எவன் வூட்ல இன்னா காணாம போனாலும் போலீசு மொதல்ல ஆத்தோரத்துல எங்க கதவத்தான் தட்டுது. நீ அத்த புக்குலயே போட்டுட்ட."

மஹ்விஷ் அதை யோசித்ததே இல்லை. இத்தனை நாள் அவர் காலை நினைத்து வெட்கப்பட்டதும் தப்பான இடத்தில்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அவர் ஒரு பேச்சுக்குக்கூடப் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை என்று சொல்ல முடியாது.

"எங்கிட்ட சொல்லிட்ட. பாப்பாகிட்ட பொய் சொல்லிக்கீற. அத்த அதுகிட்டயே போய்ச் சொல்லு" என்றார். டியூபை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஆற்றோர வீட்டில் தமிழ்நிலா வாசலில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வேலம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. மஹ்விஷ் வாசலிலேயே குந்தினாள். அது உன் நைனாதான், நான் பொய் சொன்னேன் என்றாள். பயந்துபோய்ச் சொன்னேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்தக் குழந்தையிடம் அதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை.

தமிழ்நிலா சீவலை ஊதித் தள்ளினாள்.

"அப்ப நான் அவனக் கடிச்சது தப்பா?"

வேலம்மா வெளியே வந்து, உள்ளே போய்ப் படி என்று பெண்ணை அனுப்பிவிட்டார். வெயில் ஏறுகிறது, கிளம்புங்கள் என்று மட்டும் மஹ்விஷிடம் சொன்னார்.

பதிப்பகத்துக்குப் போய் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். விற்காமல் இருந்த பிரதிகளை நிறுத்தி வைத்தார்கள். படங்கள் முழுவதையும் புதிதாக வரைந்து கொடுத்தாள். புதிய பதிப்பில் ஓமப்பொடி இரண்டு காலுள்ள ஒரு நீளமூக்கு ஆசாமி. முதல் வரியும் மாறிவிட்டது. எல்லாரும் பழையதுதான் சிரிப்பாக இருந்தது என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் பட்டது. அதை நினைத்ததற்காகவும் கூசினாள். ஏற்கெனவே வீடுகளுக்குப் போன புத்தகங்களைத் திரும்ப வாங்க வழியில்லை. மார்க்கெட்டில் பழைய பாட்டையே இன்னும் பாடுகிறார்கள்.

மழைக்காலம் முடிந்து தமிழ்நிலா மறுபடி சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தாள். முன்வரிசையில் உட்காருவதில்லை, கதவோரம் உட்காருகிறாள். மஹ்விஷ் ஒரு புதுப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டும்போது மற்ற பிள்ளைகள் உடனே சிரித்துவிடுகிறார்கள். தமிழ்நிலா மட்டும் எழுந்து பக்கத்தில் வந்து, படத்தில் இருக்கும் ஆள் யார் என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போய் உட்காருகிறாள். அவள் பார்த்து முடிக்கும் வரை மஹ்விஷ் பக்கத்தைத் திருப்புவதில்லை.