வாசல்வரை வந்த சிப்பாய்

மாமா பட்டாளத்திலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்த வருடம் நான் ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் என்று நினைவு. அம்மாவின் தம்பி அவர். கல்பாக்கத்தில் அப்பாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் தங்கினார். அவரிடம் சண்டையைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். கேட்டாலும் பதில் வராது என்பதை நானே கண்டுபிடித்திருந்தேன்.

ஒருநாள் மாமல்லபுரம் போனவர், வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டு விட்டுப்போகிற புத்தகங்களை விற்கும் கடையிலிருந்து ஒன்றை வாங்கி வந்தார். அட்டையில் தென்னைமரங்களுக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர். அவருக்கு இங்கிலீஷ் வராது.

"நீ இங்கிலீஷ் மீடியந்தான பாப்பா? படிச்சி தமிழ்ல சொல்லு."

வியட்நாம் சண்டைக் காலத்துக் கதைகள். தனித்தனிக் கதைகள்தான், ஆனால் எல்லாவற்றிலும் ஒரே ஊர்ப் பையன்கள் வந்தார்கள். ஒரு கதையில் பள்ளிக்கூடத்தில் பந்து விளையாடியவன் அடுத்த கதையில் சேற்றில் செத்துக் கிடந்தான். தினமும் பள்ளி விட்டு வந்ததும் நாலைந்து பக்கம் படித்து, புரியாததைத் தாண்டி, மிச்சத்தைச் சொல்வேன். புரியாததே அதிகம். மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

கடைசிக் கதைக்கு வந்தபோது பெரிய லீவு. உயிரோடு ஊர் திரும்பிய சிப்பாய் ஒருவன், செத்துப்போன கூட்டாளியின் அம்மாவைப் பார்க்கப் போகிறான். வாசல்வரை வந்து நிற்கிறான். பதினைந்து பக்கத்துக்கு நிற்கிறான். வெளியே என்னை ஷட்டில் ஆடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கதவ தட்னானா, இல்லியா?" மாமா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அவன் தட்டாமலே திரும்பிப் போகிறான். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். அதற்குப் பதினைந்து பக்கத்தையும் படித்தாக வேண்டும்.

"தட்னான் மாமா. நடந்தத எல்லாம் சொன்னான். அந்தம்மா அழுதுச்சி. அப்புறம் உள்ள கூப்ட்டு சோறு போட்டுச்சி."

சொல்லிவிட்டு ஓடினேன்.

மறுநாள் காலை மாமா முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அச்சரப்பாக்கத்துக்குக் கிளம்பினார். அவரோடு பட்டாளத்தில் சேர்ந்த கூட்டாளியின் வீடு அங்கே இருந்தது. மகன் எதிரியோடு சண்டை போட்டுச் செத்தான் என்றுதான் அந்த வீட்டில் நம்பியிருந்தார்கள். அன்று காவலுக்கு நின்ற மாமா கண்ணயர்ந்துவிட்டதும், உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அந்தக் கூட்டாளியை எதிரிகள் வந்து அப்படியே கொன்றுவிட்டுப் போனதும் அவர்களுக்குத் தெரியாது. மாமா போய் அதைச் சொன்னார். நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா இதை எனக்குச் சொன்னாள்.

சாயங்காலம் திரும்பியபோது சட்டைப்பை கிழிந்து தொங்கியது. உதடு வீங்கியிருந்தது.

"எவன்டா அடிச்சது?" என்று அம்மா அலறினாள்.

"அவன் தம்பிதான். அடிச்சா அடிச்சிட்டு போறான்க்கா. அந்தம்மாதான் என் கால புடிச்சிகினு, பொய்யின்னு சொல்லிட்டு போடான்னு கெஞ்சிகினே கெடந்துச்சி."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, சோறு போட்டுச்சின்னு புக்குல கீதா?"

"கீது மாமா."

தொங்கிய சட்டைப்பையைப் பிய்த்தெடுத்தார். "அப்ப நான்தான் சரியா சொல்லல போல கீது."

அந்த மாதமே வேலை தேடிப் போவதாகச் சொல்லிப் போனவர் திரும்பி வரவில்லை. அப்பா ஊர் ஊராக அலைந்து பார்த்தார். ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு வேறு கவலையே இல்லை. மாமா நம்பிவிட்டார், நான் மாட்டிக்கொள்ளவில்லை என்று அவ்வளவு நிம்மதியாக இருந்தது.