முட்டுக் கொடுக்காத முகப்பு

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு அந்தச் சத்தம் கேட்டது. மலேசியாவின் ஈப்போ நகரில், நான் வேலை பார்த்த கட்டட வரைபட அலுவலகத்தின் மாடியில் இருந்தேன். எதிர்ச்சாரியில், நான் போராடிக் காப்பாற்றிய பழைய கடைவீட்டின் முகப்பு சரிந்துகொண்டிருந்தது. அதன் கீழேதான் பள்ளி விட்டு வரும் என் மகள் எனக்காகக் காத்திருப்பாள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அங்கே நான்கு மாடி எழுப்ப நினைத்த முதலாளிக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வேண்டும். நானோ முகப்பை அப்படியே நிறுத்தி, புதுக் கட்டடத்தைச் சற்று உள்ளே தள்ளி வரைந்தேன். மேலே சுதையில் பூமாலை. கீழே காக்கி லீமா, தெருக்கோடிவரை மழையில் நனையாமல் நடக்கும் பாதை. ஒரு கடையின் முகம் மாறினாலும் வரிசையே கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்து லய வீடுகளை இடித்தபோது யாரும் யோசிக்கவில்லை. இதையாவது விடக்கூடாது என்று நின்றேன். கடைசியில் முதலாளி அலுத்துப்போய் ஒப்புக்கொண்டார்.

அன்று காலை மேற்பார்வையாளரிடம் இரண்டே விஷயம் சொன்னேன். இரும்பு முட்டுக் கொடுக்காமல் கூரை மரத்தில் கை வைக்கக் கூடாது. முகப்பைப் பிடித்திருப்பதே அந்த மரங்கள்தான். காக்கி லீமாவில் சிமெந்து மூட்டை அடுக்கக் கூடாது. ஆள் நடக்கும் இடம்.

"என்னக்கா, நம்ம தாத்தா காலத்துச் சுவரு, லா. ஒரு மத்தியானம் நிக்காதா?" என்று சிரித்தார்.

"முட்டு வந்துச்சா, இல்லையா?"

"முட்டு ஏத்துன லோரி தாப்பா ரோட்டுல படுத்துக்கிச்சாம். வந்துரும்க்கா. நீங்க போயி படத்த வரைங்க."

லோரி வரவில்லை. அதற்குள் வேலையாட்கள் கூரை மரத்தைக் கழற்றிவிட்டார்கள்.

ஓடினேன். தெரு முழுக்கப் புழுதி. செங்கல்லுக்கு நடுவே பூமாலையின் ஒரு துண்டு. மேற்பார்வையாளர் வெளுத்துப்போய் நின்றார்.

"நம்ம ஆளுங்க யாருக்கும் ஒண்ணுமில்லக்கா."

"எம்புள்ள எங்க?"

நான் கையாலேயே கல்லைப் புரட்டினேன். அடியில் கிழிந்த சிமெந்து மூட்டைகள். காலையில் அவ்வளவு சொல்லியும் காக்கி லீமாவை அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். சொன்னதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லையே என்று அந்த நேரத்திலும் எனக்கு ஆத்திரம் பொங்கியது.

இப்போது அங்கே கண்ணாடிதான் நிற்கிறது. யாரிடம் போய் வாதாடுவது? கல் கொட்டும் சத்தம் கேட்டால் இன்றும் எழுந்து ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

அன்று முழங்காலிட்டபடி கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து யாரோ என் தோளைத் தொட்டார்கள். புத்தகப் பையோடு என் மகள். தெரு மூலையிலிருந்த மாமாக் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தாளாம்.

"திட்டாதேம்மா," என்றாள். "நீ நிக்கச் சொன்ன எடத்துலதான் நிக்கப் போனேன். மூட்டைய அடுக்கி வெச்சிருந்தாங்க, கால் வெக்கக்கூட எடமில்ல."