குடுவை அலசிய தண்ணீர்

பள்ளி ஆய்வகத்தில் பிப்பெட்டை வாயால் உறிஞ்சும்போது கொஞ்சம் அசந்தாலும் கரைசல் நாக்கில் ஏறிவிடும். துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல இருக்கும், மத்தியானச் சோறுகூட ருசிக்காது. பழவேற்காடு ஏரியில் குனிந்து கையால் இறால் தடவிப் பிடிக்கும் எங்கள் குடும்பத்தில் பதினோராம் வகுப்புவரை வந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அந்தக் கசப்பும் எனக்குப் பெருமையாகவே இருந்தது.

இரும்பு உப்புக் கரைசலில் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச்சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு நிலைத்ததும் ப்யூரெட் என்கிற அளவுக்குழாயில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். மூன்று முறையும் ஒரே அளவு வர வேண்டும். எனக்கோ ஒவ்வொரு முறையும் கூடுதலாக, வேறுவேறாக வந்தது. காற்றுக்குமிழியை வெளியேற்றினேன், ஸ்டூலில் ஏறிக் கண்ணை நேராக வைத்துப் பார்த்தேன். "மூணுத்துக்கும் ஒரே நம்பர் போட்டுனு வாடி, எல்லாரும் அதான் பண்றாங்கோ" என்றாள் பக்கத்து மேசைச் செல்வி. எனக்கு மனம் வரவில்லை.

வேதியியல் சார் என் விரல்களைப் பார்த்தார். "இறா தடவுற கைக்கு இதெல்லாம் அடங்காதும்மா. அடுத்த வாரமும் இப்படியே வந்தா வேற குரூப்புக்கு மாறிடு."

வீட்டில் சொன்னபோது, "மாறினா இன்னா? இஸ்கூல மட்டும் வுட்றாத" என்று நைனா அசதியில் புரண்டு படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம், பொன்னேரியிலிருந்து தான் கொண்டுவந்த தண்ணீர் பாட்டில் தீர்ந்துபோக, ஆய்வகக் குழாயில் வாய் வைத்த சார் தூவென்று துப்பினார். "உப்பு! இதையா குடிக்கிறீங்க?"

"நல்லதண்ணி சார் அது!" என்று செல்வி சிரித்தாள்.

உப்பேரிக் கரையில் வளர்ந்த எங்கள் நாக்குக்கு அது "நல்லதண்ணி"தான். டிஸ்டில்டு வாட்டர் கரைசல் கலக்க மட்டும் என்பதால், குடுவையை அந்தக் குழாயில்தான் அலசி, சரியாக வடிக்காமலே வைத்திருந்தேன். உப்பும் பெர்மாங்கனேட்டைத் தின்று அளவைக் கூட்டும் என்று பாடத்தில் படித்தது அப்போதுதான் உறைத்தது. கெஞ்சிக் கூத்தாடி டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அலசினேன். மூன்று முறையும் ஒரே அளவு வந்தது.

"இன்னைக்குக் கைக்கு அடங்கிடுச்சு போல" என்றார் சார்.

"கை அதேதான் சார். தண்ணியதான் மாத்தினேன்."

அவர் நோட்டில் கையெழுத்துப் போட்டார். குரூப் மாறும் பேச்சு அதன்பின் எழவில்லை.

அந்த ஆய்வகத்தைப் பின்னாளில் இடித்துவிட்டார்கள். குழாயும் போயிற்று, பள்ளிக்குக் கேன் தண்ணீர் வருகிறது. நான் இப்போது சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் தண்ணீர் சோதிக்கிறேன். அளவு ஒத்துவராத நாட்களில் அங்கேயும் முதலில் யார் செய்தது என்றுதான் கேட்கிறார்கள். என் பெயரைச் சொல்லிவிட்டு, ஊருக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு, மறுபடி குடுவையை அலசுவதிலிருந்து தொடங்குகிறேன்.