தவசிமுத்து பெயர் மின்னும், பொன்னுராஜ் பெயர் ஓடும்

"ஏட்டி வேலுத்தாயி, அண்ணன் தம்பிக்குள்ள எலியேசர் கோள் மூட்டுனான்னு சொல்லுதியே, நீ பாத்தியா? நான் பாத்தேன். ரெண்டு கம்ப்யூட்டரையும் பக்கத்துல வச்சுப் பாத்தேன்."

குழாயடியில் நான் இப்படிக் கேட்டதும் எதிர்வீட்டு வேலுத்தாய் அரைக்குடத்தோடு போய்விட்டாள். அவள் கேட்காவிட்டால் என்ன, நீங்கள் கேளுங்கள்.

எலியேசர் மம்சாபுரத்துப் பையன். ராஜபாளையத்தில் என் வீட்டு மாடியில் குடியிருந்து, ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தான். முதலாளிகள் இரண்டு பேர். அண்ணன் தவசிமுத்துவுக்கு ராஜபாளையத்தில் ஆபீஸ், தம்பி பொன்னுராஜுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில். தொண்ணூற்றெட்டாம் வருஷம், வெளிநாட்டு வியாபாரிகள் பார்ப்பதற்கு இன்டர்நெட்டில் கம்பெனிக்கு ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள்.

அண்ணன், "எம்பேரு மின்னணும்லே" என்றார். மின்ன வைத்தான். ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்த் தம்பியிடம் காட்டினான். "அப்ப எம்பேரு ஓடணும்" என்றார் தம்பி. ஓட வைத்தான்.

வினை அங்கேதான். பக்கம் ஒன்று, அதைத் திறந்து காட்டுகிற சாமான் இரண்டு. அண்ணன் பெட்டியில் இருந்த நெட்ஸ்கேப்புக்கு மினுக்கத் தெரியும், ஓட்டத் தெரியாது. தம்பி பெட்டியில் இருந்த எக்ஸ்ப்ளோரருக்கு ஓட்டத் தெரியும், மினுக்கத் தெரியாது.

"ரெண்டு மருமக மாதிரி, ஆச்சி. தெரிஞ்சதைச் செய்வாக. தெரியாததைச் சத்தமில்லாம விட்டுருவாக" என்று எனக்கு விளக்கினான்.

ஆக, அவரவர் பெட்டியில் அவரவர் பெயர் ஆடியது, மற்றவர் பெயர் நட்ட கல்லாக நின்றது. இரண்டு பேருக்கும் பரம திருப்தி. "அங்க வேற மாதிரி தெரியும் மொதலாளி" என்று பையன் இருவரிடமும் சொல்லத்தான் செய்தான். யார் காதில் வாங்கினார்கள்?

ஆடிப்பூரத் தேர் பார்க்கப் போன அண்ணன், தம்பி ஆபீஸில் தண்ணீர் குடிக்க நுழைந்தார்.

"ஏலே, எம்பேரு செத்துக் கெடக்கு, ஒம்பேரு ஓடுதா!"

குடித்த தண்ணீர் இறங்குவதற்குள் பாகப்பிரிவினை வரைக்கும் போய்விட்டது. ஆளுக்கொரு பக்கம் செய்து கோள் மூட்டினான் என்று பழி விழுந்து, எலியேசர் வேலை அந்தரத்தில் தொங்கியது. இரண்டு கம்ப்யூட்டரையும் போர்வையில் சுற்றி, வேனில் ஏற்றி, பஞ்சாயத்துக்காக உறவின்முறை மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் அவரவர் ஆள் பெயரைத் தேடி வாசித்து, அந்தப் பக்கமே பேசினார்கள். பஞ்சாயத்துப் பெரியவர் கண்ணுச்சாமி சலித்துப்போய், "பேரு வாசிக்கத் தெரியாத கண்ணு ஒண்ணு கொண்டாங்கப்பா" என்றார். என்னைக் கூப்பிட்டார்கள்.

"இதுல மேல்வரி சிமிட்டுது. அதுல கீழ்வரி ஓடுது. ஃப்ளாப்பி ஒண்ணுதான், மாத்தி மாத்திப் போட்டதை நாந்தான் பாத்தேனே. பையன் மேல தப்பில்ல" என்றேன்.

எலியேசருக்கு முகம் தெளிந்தது. "ரெண்டு பேரையும் ஆடுற படமாப் போட்டுருதேன். எந்தப் பெட்டியிலயும் ஆடும்" என்றான்.

அண்ணனும் தம்பியும் அன்றைக்குத்தான் ஒரே குரலில் பேசினார்கள். மற்றவர் பெயரும் ஆடினால் தனக்கு என்ன மரியாதை என்றார்கள்.

கண்ணுச்சாமி தீர்ப்புச் சொன்னார். பக்கம் பழையபடியே இருக்கட்டும். ஒருவர் ஆபீஸில் மற்றவர் கால் வைக்கக் கூடாது. இருவரில் யார் எப்போது கேட்டாலும், மற்றவர் பெயர் எங்கேயும் அசையவில்லை என்று எலியேசர் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை உண்டு.

"பாத்ததைச் சொல்ல ஒங்களைக் கூப்பிட்டாக. இல்லாததைச் சொல்ல என்னைய வச்சுக்கிடுதாக, ஆச்சி" என்றான் வீட்டுக்கு வரும் வழியில்.

மறுநாள் காலை டிரங்குப் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கினான்.

"எங்கலே போற?"

"சிவகாசிக்கு ஆச்சி. காலண்டர் அச்சாபீஸ். அங்க அடிச்ச பேரு எந்தச் செவத்துல மாட்டுனாலும் அப்பிடியேதான் நிக்கும்."

"சாப்பிட்டுட்டுப் போ" என்றேன். இரண்டு இட்லியை நின்றுகொண்டே தின்றான். எதிர்வாசலில் வேலுத்தாய் கோலப்பொடியோடு வாயைப் பிளந்து நிற்க, அவளுக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு வாசலைத் தாண்டினான்.