மைக் செட்டில் கோளாறு இல்லை

அலர்மேல்மங்கை என்று பெயர் வைத்த கையோடு, பிள்ளை பாட்டும் பாடும் என்று வீட்டார் முடிவு கட்டிவிட்டார்கள். குரல் ஒத்துழைக்கவில்லை. பத்து வயதிலேயே அது கரகரவென்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பிரேயரில் பாட நின்றவளை, "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று பாட்டு டீச்சர் பின்வரிசைக்குத் தள்ளினார். பள்ளிப் படிப்பு முடியும்வரை அந்தப் பின்வரிசைதான்.

அம்மா தேவிகா வைத்தியத்தில் இறங்கினாள். சித்தரத்தை, பனங்கற்கண்டு, மிளகுப்பால் என்று ஒன்று பாக்கியில்லை. உள்ளூரில் கே.கே. நகர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "நோயெல்லாம் இல்லம்மா, குரலே அப்படித்தான்" என்றார். டாக்டர் சொன்னால் ஆச்சா? வரன் விஷயமாகப் போன் செய்தவர்கள் யாரோ ஆம்பளை எடுத்ததாக நினைத்து வைத்துவிட்ட அன்றைக்கு, தேவிகா ஒரேயடியாகத் தீர்மானித்தாள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி, ஆபரேஷன். ரயிலுக்கு டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அலர்மேல் அப்போது கல்லூரியில் கடைசி வருஷம். 2001. கூடப் படித்த கோரிப்பாளையத்து முபீன் டிரம்ஸ் வாசிப்பவன். முந்தின வருஷம் அவன்தான் ஒரு கேசட்டைக் கொடுத்திருந்தான். மெட்டல் பாட்டு, அதிலும் முரட்டு ரகம். கேட்டால் பூமிக்கு அடியிலிருந்து எதுவோ உறுமுகிற மாதிரி இருந்தது.

"இந்த ஆளு தொண்டை என்னத்துக்கு ஆகும்?" என்றாள் அலர்மேல்.

முபீன் கேசட் அட்டையை விரித்துக் காட்டினான். மைக்கைப் பிடித்து வாயைத் திறந்து நின்றது ஒரு பெண். அலர்மேலுக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகைதான், அதில் மறைக்க என்ன இருக்கிறது.

விளாங்குடியில் முபீனின் மாமு கட்டி முடிக்காமல் போட்டிருந்த வீட்டில் பாட்டுப் பழகினார்கள். முதலில் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். பிறகுதான் பிடிபட்டது. தொண்டையை இறுக்கக் கூடாது, வயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள வேண்டும். அப்படிப் பாடினால் வலியே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், உள்ளே யார் மாடு வளர்ப்பது என்று ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரயிலுக்கு முந்தின சனிக்கிழமை கல்லூரிகளுக்கிடையே பாட்டுப் போட்டி, அலர்மேலும் முபீனும் பெயர் கொடுத்திருந்தார்கள். அம்மாவும் மகளும் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அந்தப் பாஷையில்தான் அலர்மேல் கெஞ்சினாள்: "ஒரே ஒரு தடவை வந்து கேளும்மா. கேட்டுட்டும் கோளாறுன்னு தோணுச்சுன்னா, மறுபேச்சு இல்லாமச் சென்னைக்கு வாரேன்."

தேவிகா பர்ஸில் சித்தரத்தையோடு வந்து மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள்.

மைக் செட் மொக்கைச்சாமியுடையது. கட்சிக் கூட்டம், கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர்தான். தன் செட்டு கரகரத்தது என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்பதில் மனுஷன் பிடிவாதக்காரர். அலர்மேல் முதல் வரியை உறுமியதுதான் தாமதம், சத்தத்தை அணைத்துவிட்டு மேடைக்கு ஓடிவந்தார்.

"மன்னிச்சுக்கம்மா, மைக்கு மக்கர் பண்ணுது."

வேறு மைக் கொடுத்தார். மறுபடி உறுமினாள். மறுபடி அணைத்தார். ஒயரைப் பிடுங்கி மாற்றி, "ஹலோ, ஹலோ" என்று தானே பேசிப் பார்த்தார். கணீரென்றிருந்தது. அவள் கைக்குப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கூட்டம் சிரித்தது. நேரம் முடியப் போவதாக மணி அடித்தார்கள். மூன்றாம் வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். இப்படியே இறங்கினால் அடுத்த இடம் ஆபரேஷன் மேஜை.

அலர்மேல் மைக்கை டிரம்ஸில் உட்கார்ந்திருந்த முபீனிடம் கொடுத்துவிட்டு நேரே ஆம்ப்ளிஃபயர் மேஜைக்குப் போனாள்.

"அண்ணே, என் வாயைப் பாருங்க."

மைக் இல்லாமல், அவர் முகத்துக்கு நேராக உறுமினாள்.

மொக்கைச்சாமி அவள் வாயைப் பார்த்தார், வெறுங்கையைப் பார்த்தார். "இம்புட்டும் நீயா தாயி?"

"அம்புட்டும் நான்தாண்ணே."

"வலிக்கலையா?"

"இல்லண்ணே."

அவர் மேடையேறி மைக்கை வாங்கினார். "கூடியிருக்கிற எல்லாருக்கும் சொல்லிக்கிறேன். நம்ம செட்டுல ஒரு கோளாறும் இல்ல. கேட்டது இந்தப் பிள்ளையோட குரலு. அதுலயும் ஒரு கோளாறும் இல்ல. இவுக நேரத்தைத் தின்னது நாந்தேன். அதைத் திருப்பிக் குடுக்கணும்."

கொடுத்தார்கள். அலர்மேல் பாடினாள். பரிசு ஒரு சினிமாப் பாட்டுக் குழுவுக்குப் போனது, போகட்டும். அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் கோவை, பெங்களூர் என்று மேடையேறினாள். அந்தக் குரலை முதலில் போனில் கேட்டு, அப்புறம் நேரில் கேட்க வந்த ஒருவரைத்தான் கல்யாணமும் செய்துகொண்டாள்.

போட்டி அன்றைக்கு டவுன் பஸ்ஸில் வீடு திரும்பினார்கள். சிம்மக்கல் ஸ்டாப் தாண்டியதும் அம்மா வாயைத் திறந்தாள்.

"அந்த மைக் செட்காரர் மிஷினையே கழட்டி மாட்டிப் பார்த்திருக்கார். அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். டிக்கெட்டை ரத்து பண்ணிடு."

டாக்டர் சொல்லிக் கேட்காதவள். அலர்மேல் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் குரல் தொண்டை கட்டிக் காற்றாகத்தான் வந்தது. மூன்றாம் வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று கத்தியது மேடையில் கேட்டிருந்தது. அப்போது மேடை விளக்கை முழுதாகப் போட்டிருந்தார்கள், கண் கூசியதில் முகம்தான் தெரியவில்லை.

தேவிகா பர்ஸைத் திறந்து சித்தரத்தையை எடுத்து, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.