இருபது ஃபெர்மிக்கு அப்பால்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. என் கணக்கும் சோதனைக்கூடத்து அளவும் ஒத்துப்போகாதபோது, எனக்குச் சந்தேகம் வந்தது சோதனைக்கூடத்தின் மேல்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து விசித்திரமான சில அணுக்கருக்களுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சாதாரணக் கருவில் துகள்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். இவற்றில் ஒரு நியூட்ரான் மட்டும் கூட்டத்தோடு ஒட்டாமல் வெகுதூரம் தள்ளி உலவும். இன்னொரு கருவின் பக்கத்தில் போனால் அது எவ்வளவு எளிதில் பிய்ந்துபோகும் என்பதே என் கேள்வி. என் விடை, அளந்ததைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருந்தது.

எனக்கு முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டியவரிடம் போனில் சொன்னேன். "ஏதாவது ஒரு எண்ணைக் கொஞ்சம் ஏத்திப் பாரும்மா, பொருந்திடும்" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விடையைப் பார்த்துவிட்டு எண்ணைத் திருகுவது ஒரு கணக்கா?

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கணக்குப் போடும் கணினி நிரலை எப்போதோ யாரோ எழுதியிருப்பார்கள். சீனியர் ஜூனியருக்குக் கொடுப்பார். அதன் தலைப்பில் உள்ள நாலு வரிகளை யாரும் தொடுவதில்லை. அதிலொரு வரி, கருவின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை கூட்ட வேண்டும் என்று சொல்லும். இருபது ஃபெர்மி; அணுக்கருவுக்குள் தூரத்தை அந்த அலகில்தான் அளப்போம். சாதாரணக் கருவுக்கு அது தாராளம். அந்த நியூட்ரான் எங்கெல்லாம் இருக்கலாம் என்று காட்டும் அலையை நான் முதல்முறையாகக் கடைசிவரை வரைந்து பார்த்தேன். முந்தானை வருவதற்குள் புடவையைக் கத்தரித்ததுபோல, இருபதில் வெட்டுப்பட்டு நின்றது. இருநூறு என்று மாற்றினேன். விடை அளவோடு பொருந்தியது. மாடியே அதிரும்படி கத்தினேன்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்கூட நிற்கவில்லை. எனக்குப் பேர் வாங்கித் தந்த முதல் கட்டுரையிலும் அதே இருபதுதான். அதில் நான் எடுத்துக்கொண்ட கருவை அப்போது யாரும் அளந்திருக்கவில்லை, அதனால் தப்பித்தது. அந்தக் கட்டுரையை நம்பித்தான் ஒரு கல்லூரி என்னை உதவிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணலுக்கு அழைத்திருந்தது. நாலே நாள் இருந்தது.

"இன்டர்வியூ முடியட்டும்மா. பத்திரிகைக்குத் திருத்தம் அப்புறம் அனுப்பலாம்" என்றார் வழிகாட்டி, நான் தப்பைச் சொன்னதும். கட்டுரையில் அவர் பேரும் இருந்தது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியாது சார். இன்னிக்கே அனுப்பணும்" என்றேன். "சரி, அனுப்பு" என்றார்.

நேர்காணல் ஆன்லைனில். "இன்னிக்கு கரண்டு போவாதாம், கரண்டு ஆபீஸ்ல கேட்டுட்டு வந்துட்டேன்" என்று என் நைனா படியிலிருந்தே குரல் கொடுத்தார். குழுவில் ஒருவர் முதல் கேள்வியே அந்தக் கட்டுரையைப் பற்றிக் கேட்டார். "அது தப்பு சார்" என்று தொடங்கி, எங்கே தப்பு, ஏன் தப்பு என்று தெளிவாகச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என் ஸ்டூடன்ட் ஒரு பொண்ணு, அதே கருவுக்கு வேற முறையில கணக்குப் போடறா. உங்க விடையோட பொருந்தலைன்னு ரெண்டு வருஷமா தன்னோட கணக்கைத்தான் திருத்திக்கிட்டு இருக்கா."

எனக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. வேலையை மறந்து, அந்தப் பெண்ணின் போன் நம்பரைக் கேட்டு வாங்கினேன். வேலை வேறொருவருக்குப் போனது. எனக்கு அடுத்த வருடம் வேறு இடத்தில் கிடைத்தது.

நேர்காணல் முடிந்த கையோடு அவளுக்குப் போன் செய்து, யார் என்று சொல்லி, என் தப்பையும் சொன்னேன்.

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் முதல்ல போட்டது, திருத்தாம வெச்சிருந்தது, அது சரியா மேடம்?"

அந்த எண்ணைச் சொல்லச் சொன்னேன்; என் புது விடையோடு பொருந்தியது. "சரிம்மா" என்றேன். "அதை அழிச்சிட்டியா?"

"இல்ல மேடம்" என்றவள், அழ ஆரம்பித்தாள்.